மூன்றாம் மாடியின் சிவப்புக் கோடு

தப்பு செய்தால் வேலையை விட்டுத் தூக்குவார்கள். அவளுக்கு நாற்காலி கொடுத்தார்கள்.

சக்கரம் வைத்த, சுழலும் நாற்காலி. கட்டட வேலை நடக்கும் இடத்தில், தகரக் கொட்டகை ஆபீசில், ஃபேனுக்கு நேர் கீழே. "வெயில்ல அலைய வேணாம்மா. உட்கார்ந்து பில் சரிபார்த்துக்கோ. உன் கண்ணுக்கு அதுதான் நல்லது" என்று மேனேஜர் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த பரிவு அவளுக்குக் குமட்டியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பரிவை என்ன செய்வது?

வீட்டில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவளிடம் ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சிவில் என்ஜினியர். மூன்றாம் மாடியில் லெவல் மெஷின் வைத்துப் பார்த்து, சுவர் சுவராகச் சிவப்புக் கோடு போட்டவள் அவள். அந்தக் கோட்டிலிருந்து டேப் பிடித்துக் கீழே அளந்து, தரைக்கு டைல்ஸ் பதித்தவர் அவளுடைய அப்பா.

ஆமாம், ஒரே கட்டடம்தான். வீட்டில் "ஏய் மிளகா" என்று கூப்பிடுகிறவர், அங்கே எல்லார் முன்னாலும் "மேடம்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், தானே பட்டம் வாங்கியதுபோல.

அந்தக் களைக்குத்தான் கண்பட்டது. மூன்றாம் மாடிக் குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர், கதவைத் தாண்டிப் படுக்கையறையில் வந்து நின்றது. "கோடு தப்பு" என்றார் மேனேஜர். அவள் சில நாளாகவே கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதை அவர் கவனித்திருந்தார். கண் டாக்டரிடம் போனாள். கெரட்டோகோனஸ்.

கருவிழி உருண்டையாக இருக்க வேண்டியது, மெலிந்து போய்க் கூம்பு மாதிரி முன்னால் பிதுங்குகிறதாம். அதனால்தான் ஒரு விளக்கு மூன்றாகத் தெரிகிறது. விளக்குக்கு வால் முளைக்கிறது. மூக்குக் கண்ணாடி சரிப்படாது. கூம்பு இன்னும் ஏறுகிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டு, ஏறினால் அதை நிறுத்த ஒரு சிகிச்சை. பார்வைக்கு இப்போதைக்கு லென்ஸ். அவள் கண்ணை அளவெடுத்துச் செய்யச் சொல்லியிருந்த லென்ஸ் இன்று வருகிறது.

இனி இன்றைய கதை.

*

காலையில் வாஷ்பேசின் முன்னால் அப்பா நின்றுகொண்டு, இரண்டு கை முட்டியாலும் கண்ணைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

பட்டென்று அவர் முதுகில் ஒரு அடி விழுந்தது. அம்மா.

"கண்ணைத் தேய்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"அவளைத்தானே சொன்னாரு. நான் என்ன நோயாளியா?"

"நீங்க தேய்க்கிறதைப் பார்த்துத்தான் அவளும் தேய்க்கிறா. இந்த வீட்டுல எழுந்ததும் எல்லாரும் கண்ணைத்தான் கசக்குறீங்க. மாவு பிசையிற மாதிரி."

"மாவைப் பிசைஞ்சா ஏதாவது தின்னவாவது கிடைக்கும்" என்று அப்பா சிரித்தார்.

அம்மா விடவில்லை. ஒரு லாட்ஜின் சலவைப் பிரிவில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவள். எதையும் சுருக்கம் போகத் தேய்த்து முடிக்காமல் அவளுக்கு மனசு ஆறாது. "அன்னைக்கு சிமெண்ட் தண்ணி தெறிச்சு வலது கண்ணு பொங்கிப் போச்சே, டாக்டர்கிட்ட போனீங்களா? கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு ஒரு வாரம் வேலைக்குப் போனீங்க, கொள்ளைக்காரன் மாதிரி."

"தானா சரியாயிடுச்சில்ல?"

"தானா சரியாயிடும், தானா சரியாயிடும்! இந்த வீட்டுக்கு அதையே வாசல்ல எழுதிப் போட்டுடலாம்."

அப்பா சுவரில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. "கோணலா இருக்கு" என்று ஒரு ஓரத்தை விரலால் தள்ளிவிட்டார்.

எதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். நேர்கோடு பார்க்கிறவனுக்கு ஒரு கண் போதும் என்பார். அவரோடு வேலை செய்கிறவர்கள் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். மிளகாயும் சின்ன வயதில் ஸ்கேல் பிடித்துக் கோடு போடும்போது இடது கண்ணை மூடிக்கொள்வாள். 'அப்பனை உரிச்சு வச்சிருக்கா' என்று அக்கம்பக்கத்தில் மெச்சுவார்கள்.

"லென்ஸ் எப்படிப் போடணும்னு சொன்னாங்க?" என்றார் அப்பா.

"குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும்ப்பா. அதுல மருந்துத் தண்ணி நிறைச்சு, குனிஞ்சு, கண்ணுல அப்படியே ஒட்ட வைக்கணும். உள்ளே குமிழி வந்துட்டா திரும்ப எடுத்துப் போடணும்."

"குமிழிதானே? அது நம்ம சமாச்சாரம். ரசமட்டத்துல முப்பது வருஷமா பார்க்கிறேன். பதறாம மெதுவா ஆட்டு, தானா நடுவுக்கு வந்து நிக்கும்."

"அப்பா, இதுல குமிழியே இருக்கக் கூடாது."

"குமிழி இல்லாம மட்டம் எப்படித் தெரியும்?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார் அவர்.

மிளகாய் சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு. ஆனால் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதில் ஏதோ இடித்தது. 'இன்னைக்கு அந்தக் குளியலறையை உடைக்கணும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

*

கண் மருத்துவமனையில் லென்ஸ் மாட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்ணை எல்லாரும் லென்ஸ் அக்கா என்றார்கள். லென்ஸ் அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. தானாகப் போடவும் தானாக எடுக்கவும் தெரிந்தால்தான் லென்ஸ் வீட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் டப்பா மேஜையிலேயே இருக்கும். மறுபடி வர வேண்டும்.

மேஜையில் ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்திருந்தார்கள். அதன்மேல் குனிய வேண்டும். ஒரு கை இமைகளை அகட்டிப் பிடிக்க, இன்னொரு கை சின்ன ரப்பர் குச்சியின் நுனியில் நீர் நிறைந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கண்ணுக்கு நேராக ஒரு பொருள் வந்தால் இமை என்ன செய்யும்? அதன் வேலையை அது செய்யும். மூடிக்கொள்ளும்.

முதல் தடவை தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது தடவை லென்ஸ் இமையில் முட்டி மேஜையில் விழுந்தது. மூன்றாவது தடவை உள்ளே போனது, குமிழியோடு.

"ஐயோ, கண்ணுக்குள்ள போய்க் கண்ணாடியா" என்று கூட வந்திருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாம்டி. இருக்கிற பார்வை போதும். அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கோ. எல்லாரும் ஃபேன் காத்து கிடைக்கலைன்னு அழறாங்க. உனக்குக் கிடைச்சா கசக்குதா?"

"கசக்குது."

"மேனேஜர் நல்லதுக்குத்தான்..."

"அம்மா, அவர் எனக்கு நாற்காலி போடலை. என்னை ஓரமா எடுத்து வைக்கிறார். உடைஞ்ச சாமானை மூலையில வைக்கிற மாதிரி. நான் ஒண்ணும் உடைஞ்சு போகலை. என் கருவிழி கொஞ்சம் கூம்பா இருக்கு, அவ்வளவுதான்."

"ஆமா, அவ்வளவுதான்! சொல்றதைப் பாரு, மூக்கு கொஞ்சம் சப்பைங்கிற மாதிரி."

லென்ஸ் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, நீங்க வெளியே உட்காருங்க. நீங்க பயப்படுறது இவங்க இமைக்குக் கேட்குது."

"நான் போகமாட்டேன். வேணும்னா திரும்பிக்கிறேன்." அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

மிளகாய் மறுபடி குனிந்தாள். தாடை நெஞ்சில் இடித்தது. கண்ணாடிக்குள் அவள் கண் அவளையே முறைத்தது. மூடிப் பாரேன் என்று மனதுக்குள் திட்டினாள். இது என் கண். என் சொல்லைத்தான் கேட்கணும். ஊரில் எல்லாரும் என்னை 'பார்த்துப் போ, பார்த்துப் போ' என்று சொல்லியாகிவிட்டது. நீயும் சொல்லாதே.

ஜில்லென்று ஒரு தொடுதல். தண்ணீருக்குள் கண் விழித்ததுபோல. ரப்பர் குச்சியை நசுக்கி எடுத்தாள். லென்ஸ் அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"குமிழி இல்லை. அடுத்த கண்."

அடுத்த கண் இரண்டு தடவை அழ வைத்தது. மூன்றாவது தடவை படிந்தது. எடுத்துக் காட்டச் சொன்னாள், எடுத்தாள். மறுபடி போடச் சொன்னாள், போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

சுவர்க் கடிகாரம் ஒன்றாக இருந்தது. ஒரே ஒரு கடிகாரம், ஒரே ஒரு பெரிய முள், ஒரே ஒரு சின்ன முள். எதற்கும் வால் இல்லை, நிழல் இல்லை. கதவின் கைப்பிடியில் யாரோ விட்டுப்போன விரல்ரேகைகூடத் தெரிந்தது. எத்தனை காலமாக உலகம் இவ்வளவு கூர்மையாக இருந்திருக்கிறது, இவளுக்கு மட்டும் சொல்லாமல்?

அம்மா மெதுவாகத் திரும்பினாள். பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

"அம்மா, உன் பல்லு எப்ப உடைஞ்சது?"

"இதுவா? அது உடைஞ்சு நாலு வருஷமாகுதுடி."

 நாலு வருஷம். தினமும் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் மிளகாய் சாப்பிட்டிருக்கிறாள்.

"இன்னைக்கு நாலு மணி நேரம்தான்" என்றாள் லென்ஸ் அக்கா. "அதுக்கு மேல வேணாம். கண்ணு பழகணும். தூசியில போனா மூடின கண்ணாடி போட்டுக்கோங்க. வலிச்சா, சிவந்தா, உடனே எடுத்துடணும். வீராப்பு காட்டக் கூடாது."

"வீராப்பா? இவளா?" என்றாள் அம்மா. "சேச்சே."

வெளியே வந்ததும் அம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு படி, இந்த வண்டி நம்பர் படி" என்று பரீட்சை வைத்துக்கொண்டே வந்தாள். சந்தோஷம் தாங்காதபோது அம்மாவின் வாயிலிருந்து எப்போதும் ஏதாவது தவறி விழும்.

"எப்படியோ, உனக்குக் கண்ணு தெரிஞ்சாச்சு. உங்கப்பா செஞ்சதும் வீண்போகலை."

"என்ன செஞ்சார்?"

அம்மாவின் முகத்தில் இஸ்திரி சூட்டைத் தொட்டுவிட்டதுபோல ஒரு சுருக்கம். இப்போது அது தெளிவாகத் தெரிந்தது. லென்ஸ் போட்டவளிடம் பொய் சொல்ல அம்மா இன்னும் பழகவில்லை.

"என்ன செஞ்சார்மா?"

"நேத்து சாயந்திரம் மேனேஜரைப் பார்த்தாராம். கோடு சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் தரையைத் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிட்டாராம். பொண்ணு பேர் கெடக்கூடாதுன்னுதான். உடைச்சு எடுத்துட்டு, நாளையிலேர்ந்து அங்கே வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம். உங்கிட்ட சொல்லாதேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினார்."

மிளகாய் தெருவில் அப்படியே நின்றாள்.

"என் தப்பை எடுத்துக்க அவர் யாரு?"

"அப்பா."

"அப்பான்னா? நான் கோடு போட்டேன். என் கண்ணு சரியில்லை. தப்பு என்னோடது. கெட்டுப்போற பேரும் என்னோடதுதானே? அதைக்கூட எனக்குன்னு விடமாட்டாரா? இந்த வீட்டுல எல்லாத்தையும் மூடி மூடி வைக்கிறதுதான் பெரிய வியாதி. கெரட்டோகோனஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

"எங்கேடி போறே? கண்ணுக்கு ரெஸ்ட்..."

"நாலு மணி நேரம் இருக்குன்னு சொன்னாங்கல்ல?"

*

மேனேஜர் கொட்டகைக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் சண்டை சுலபம்.

"வாம்மா. கண்ணு எப்படி இருக்கு? நாற்காலியைத் துடைக்கச் சொல்லியிருக்கேன்."

"நாற்காலி வேணாம் சார். லெவல் மெஷினைக் கொடுங்க."

"அந்த விஷயம் முடிஞ்சு போச்சும்மா. உங்கப்பாவே ஒத்துக்கிட்டார்."

"பொய் சொல்லியிருக்கார். கோடு நான் போட்டது. அப்ப என் கண்ணுக்கு ஒண்ணு மூணாத் தெரிஞ்சுது. இப்ப ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது. நானே போய்ப் பார்த்து, கோடு எவ்வளவு தப்புன்னு அளந்து சொல்றேன். நீங்க அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்க."

மேனேஜர் கிளாஸைக் கீழே வைத்தார். "இங்கே பாரு. தண்ணி வழிஞ்சதை ஓனர் நேர்ல பார்த்துட்டார். யாரோ ஒருத்தர் பதில் சொல்லியாகணும். கோடு தப்புன்னா நீ. கோடு சரின்னா அவர். ரெண்டு பேரையும் பழைய வேலையிலேயே வச்சுக்க எனக்கு வழியில்லை. அவர் முந்திக்கிட்டார். நீ ஏன் போய்க் கிளறுறே?"

"கோடு தப்புன்னா நான் வெளியேவா, நாற்காலியா?"

"நாற்காலி. ஆனா மெஷினை அதுக்கப்புறம் தொடக்கூடாது."

 கல்லூரியில் கடைசி வருடத்தில் மெஷினைத் தொட விட்டது பையன்களைத்தான். இவள் எதிரே அளவுக் கம்பு பிடித்தாள். 'ஒரு தடவை நானும் பார்க்கிறேன்' என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்காமலே போய் நின்று பார்த்துக் கற்றது. அந்த மெஷினுக்குப் பின்னால் நிற்கும் இரண்டடி இடம்தான் அவள் வாங்கிய பட்டம். மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

"சரி" என்றாள். "அது பழைய கண்ணு செஞ்ச தப்பு. புதுக் கண்ணு என்ன செய்யும்னு காட்டுறேன். அதுக்கப்புறமும் தொடக்கூடாதுன்னா, நீங்களே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

"வரேன். டீ ஆறுது" என்றார் அவர்.

*

மூன்றாம் மாடியில் தூசி மிதந்தது. மூடின கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் மெஷினோடு நுழைந்தபோது, அப்பா குளியலறை வாசலில் உளியும் சுத்தியலுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு டைல்கூட உடையவில்லை. தான் பதித்ததைத் தானே உடைக்கக் கை வரவில்லை போலும்.

"என்ன மேடம், இந்தப் பக்கம்?"

"மேடம் மண்ணாங்கட்டி. கம்பைப் பிடிப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்கம்மா வாயில ஒரு பூட்டுப் போடணும்."

"முதல்ல உன் வாயில போடு. கோடு சரின்னு எப்படிச் சொன்னே? பார்த்தியா?"

"பார்க்க என்ன இருக்கு? நீ போட்டது."

"நான் போட்டதுன்னா சரியா? அன்னைக்கு எனக்கு நம்பரே மூணு மூணாத் தெரிஞ்சுது. நம்பிக்கையே இல்லாம நாலு தடவை பார்த்துப் பார்த்து எழுதினேன்."

"அது பரவாயில்லை மிளகா. எனக்கு இந்த இடம் இல்லைன்னா இன்னொரு இடம். டைல்ஸ்காரனுக்குத் தரையா கிடைக்காது? உனக்கு அப்படியா? நம்ம வீட்டுல ஒருத்தியாவது நிமிர்ந்து நின்னு வேலை பார்க்கட்டும்னுதான்."

"நிமிர்ந்து நிக்கிறது எப்படின்னு நான் பார்த்துக்கறேன். நீ குனிஞ்சு, உன் முதுகு மேல என்னை நிக்க வைக்காதே. பிடி கம்பை."

அப்பா கம்பை எடுத்தார். அளவு எழுதிய உயரமான கம்பு. முதலில் மாடிப்படி ஓரத்தில் அடித்திருந்த பித்தளை ஆணியின் மேல் நிறுத்தினார். மெஷின் படுக்கையறையில். அங்கிருந்து ஒரு பக்கம் படிக்கட்டு தெரிந்தது, மறுபக்கம் குளியலறைச் சுவர். ஆணிக்கும் சிவப்புக் கோட்டுக்கும் சரியாக ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். குழந்தைகூடக் கழித்துவிடும்.

மூடின கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். குறுக்குக் கோடு ஒன்றே ஒன்றாக, முடி மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் எண்கள் கருகருவென்று. அடடா, இதுவா இது! இதற்காகவா இத்தனை நாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்!

அளவை மனதில் குறித்துக்கொண்டாள். "கோட்டுல வைப்பா."

அப்பா குளியலறைக்குள் போய்க் கம்பின் அடியைச் சிவப்புக் கோட்டில் பிடித்தார். அவள் பார்த்தாள். கழித்தாள்.

ஒரு மீட்டர்.

மறுபடி பார்த்தாள். மெஷினைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து, மட்டம் சரிசெய்து, ஆணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஒரு மீட்டர். அடித்துச் சொன்னது மெஷின். கோட்டில் மயிரிழை பிசகில்லை. நம்பிக்கை இல்லாமல் நாலு தடவை பார்த்து எழுதியவளின் கோடு சரியாக இருந்தது.

ஒரு நொடி அவளுக்குள் ஏதோ துள்ளியது. குருடாக இருந்தபோதுகூடச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்! அந்தத் துள்ளல் காலைத் தரையில் வைப்பதற்குள் அடுத்தது வந்தது. கோடு சரியென்றால்?

"அப்பா, வடிகால் பக்கத்துல தரையில வை." பார்த்தாள். "இப்ப கதவுப் பக்கம்." பார்த்தாள்.

வடிகால் பள்ளமாக இருக்க வேண்டும். ஒரு விரல் கனம் மேடாக இருந்தது.

"என்ன, கோடு எவ்வளவு தப்பு?" என்றார் அப்பா. "இவ்வளவா?" என்று விரலைக் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினார். மகளுக்காகத் தப்பின் அளவைக்கூடக் குறைத்துக் காட்டுகிறார்.

அவள் அருகே போனாள். "இந்த மூலையைப் போட்டப்ப கண்ணுல கர்ச்சீப் கட்டியிருந்தியா?"

"ஆமா. சிமெண்ட் தண்ணி தெறிச்ச வாரம்தான் இது. ஏன்?"

"எந்தக் கண்ணுல?"

"வலது கண்ணு. பொங்கிப்போய் மூடிக் கிடந்துச்சே. இடது கண்ணை வச்சு ஒப்பேத்தினேன்."

மேலே வயரில் ஒரு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. பகலிலும் எரிந்தது. மிளகாய் கை நீட்டி அப்பாவின் வலது கண்ணைப் பொத்தினாள். கருவிழியை அளந்த அன்று டாக்டர் அவள் கண்ணைப் பொத்தியதுபோலவே.

"பல்பைப் பாருப்பா. எத்தனை இருக்கு?"

அப்பா சிரித்தார். "ஏன் மிளகா, இது வேலை செய்யிற கண்ணாச்சே. இதை மூடினா எப்படித் தெரியும்?"

அவள் கையை எடுக்கவில்லை.

"சொல்லுப்பா. எத்தனை?"

"எப்பவும் போலத்தான். ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா மூணு. கீழே வால் மாதிரி இழுத்துக்கிட்டு. இடது கண்ணுல எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்? அதனாலதானே ரெண்டு கண்ணு. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு முகத்துக்கு அழகா இருக்கட்டும்னு."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது மகளின் முகத்தைப் பார்த்தார். மூணு. வால். இந்த வார்த்தைகளைத் தன் வீட்டிலேயே, இதே மாதத்தில், வேறு ஒரு வாயிலிருந்து கேட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது, யாரோ குழாயை மூடியதுபோல.

"கோடு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோடு சரி."

அப்பா தான் பதித்த தரையைப் பார்த்தார். நேற்று சொன்னது பொய் என்று நினைத்துச் சொன்னவர். மகளைக் காப்பாற்ற இட்டுக்கட்டிய தப்பு, நிஜமாகவே தன்னுடையதாக இருந்திருக்கிறது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் கடைசியில். "பொய் சொன்ன பாவம் மிச்சம். தரை தப்புன்னே மேனேஜர்கிட்ட சொல்லிடு. கண்ணு விஷயம் மட்டும் வேணாம். வெளியே தெரிஞ்சா எவனும் என் கையில கொத்துக்கரண்டியைத் தரமாட்டான்."

"மூடி வைக்கச் சொல்றியா?"

"முப்பது வருஷமா மூடித்தானே வச்சிருக்கேன்" என்றார், இடது கண்ணைத் தொட்டுக்கொண்டு.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் பார்வை மங்கும். நாலு மணி நேரத்தில் ஏற்கெனவே பாதி போய்விட்டது. மீதியை அழுது கலங்கடிக்க அவள் தயாராக இல்லை. கண்ணைத் தேய்க்கக் கை தானாக உயர்ந்தது. பாதியிலேயே இறக்கினாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா? கோடா, தரையா?"

அப்பா வாயைத் திறந்தார். "சார், நான்தான்..."

"நீ சும்மா இருப்பா." மிளகாய் நடுவே வந்து நின்றாள். "கோடு சரி சார். தரை தப்பு. எங்கப்பா கை தப்பு செய்யலை, கண்ணுதான் செஞ்சிருக்கு. எனக்கு இருக்கிறது அவருக்கும் இருக்குன்னு நினைக்கிறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இன்னொரு கண்ணு நல்லா இருக்கு. அதை வச்சுத்தான் இத்தனை வருஷம் உங்களுக்கு நேர்த்தரை போட்டார். நீங்களே மெச்சியிருக்கீங்க. இந்தக் கட்டடத்துல அவர் போட்ட மத்த எல்லாத் தரையையும் இப்பவே மெஷின்ல பார்ப்போம், வாங்க. கோடு சரின்னா அவர், தப்புன்னா நான்னு கீழே சொன்னீங்கல்ல? அந்தக் கணக்கை நான் ஒத்துக்கலை. கண்ணுக்கு வைத்தியம் இருக்கு, நான்தான் சாட்சி. வைத்தியம் இருக்கிற ஒண்ணுக்காக ஆளை எதுக்கு வெளியே அனுப்பணும்?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, சுவரோரம் நின்ற டைல்ஸ்காரரிடம் நேராகக் கேட்டார்.

"பொண்ணு சொல்றது நிஜமா?"

அப்பா நிமிர்ந்தார். கேட்டவரின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்காக, எப்போதும்போல, இடது கண்ணை மூடிக்கொண்டார்.